தண்ணீர் மேசை

மார்ச் 2, சனி

மொட்டைமாடித் தொட்டியின் மிதவை கெட்டுவிட்டது. காலை முழுக்கத் தண்ணீர் வழிந்தது. பக்கத்து வீட்டுக்காரர் தன் கார்மீது சொட்டுவதாகக் கூப்பிட்டுச் சொன்னார். அவர் வீட்டு மோட்டார் என் படுக்கையறைச் சுவரை ஒட்டிப் பல வருடங்களாக உறுமுகிறது. நான் ஒருநாளும் கூப்பிட்டுச் சொன்னதில்லை. மனதில் மட்டும் வைத்திருக்கிறேன்.

மாலையில் சிவகாமி கல்லூரியிலிருந்து ஒரு பை நிறைய பாட்டில்களோடு வந்தாள். உள்ளே நீல நிறத் திரவம். விளையாட்டு வீரர்களுக்கான பானமாம். லேபிளைப் படித்தேன். தண்ணீர், சர்க்கரை, சிட்ரிக் அமிலம், சிட்டிகை உப்பு, நீலச் சாயம். இத்தனை வருடம் வேதியியல் நடத்தியவன் வீட்டுக்குள் இதைக் காசு கொடுத்து வாங்கி வந்திருக்கிறாள்.

"இது எதுக்கும்மா நீலமா இருக்கு?"

"புளூபெர்ரிப்பா."

"பெர்ரி எங்க இருக்கு? லேபிள்ல காட்டு."

"குடிச்சுப் பாத்துட்டுத் திட்டுங்க."

குடித்தேன். பற்பசையைக் கரைத்த மாதிரி இருந்தது.

இருபத்து நான்காம் தேதி தூத்துக்குடியில் அவளுக்கு மாநில நடைப்போட்டி. இருபது கிலோமீட்டர். முதல் மூன்று பேர் தேசியப் போட்டிக்குப் போவார்கள். சென்ற வருடம் நான்காவதாக வந்தாள். வீட்டுக்கு வந்ததும் குளியலறைக் கதவைச் சாத்தி, அழுவது கேட்காதபடி குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டாள். மூன்றாவதாகப் போய்க்கொண்டிருந்தவள்தான். கடைசிச் சுற்றுகளில் உடம்பு காய்ந்து போய்விட்டது. இந்த முறை என்ன குடிப்பது, எப்போது குடிப்பது என்பதைச் சரியாகச் செய்ய வேண்டும் என்று அவளுடைய மாஸ்டர் சொல்லியிருக்கிறாராம்.

அந்த மாஸ்டரின் பெயரை அவள் இந்த வீட்டில் சொல்வதில்லை. நானும் இங்கே எழுதப்போவதில்லை.

மார்ச் 3, ஞாயிறு

ஞானதுரை. எழுதினால் என்ன குறைந்துவிடப் போகிறது.

ஒரே கல்லூரி, ஒரே வகுப்பு, ஒரே விளையாட்டு. ஓடுகிறவனை ஊர் மதிக்கும். நடக்கிறவனைப் பார்த்துச் சிரிக்கும். ஒரு பாதமாவது எப்போதும் தரையில் இருக்க வேண்டும், ஊன்றிய காலின் முழங்கால் மடங்கக் கூடாது. இடுப்பை ஆட்டிக்கொண்டுதான் வேகமாகப் போக முடியும். அழகர்கோவில் சாலையில் விடியற்காலையில் நாங்கள் இருவரும் அப்படிப் போகும்போது பால்காரர்கள் சைக்கிளை நிறுத்தி, "தம்பிகளா, அவசரம்னா அந்தப் பக்கமா ஒதுங்குங்கப்பா" என்பார்கள்.

எங்கள் பயிற்சியாளர் வரதன் மாஸ்டர் தண்ணீருக்கு விரோதி. நடக்கும்போது தண்ணீர் குடித்தால் வயிறு கனத்து ஆள் படுத்துவிடுவான் என்பது அவர் சட்டம். கொப்பளித்துத் துப்பலாம், விழுங்கக் கூடாது. எங்கள் கழுத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார். குரல்வளை ஏறி இறங்கினால் தண்டனையாக இன்னும் இரண்டு சுற்று. ஞானதுரை குரல்வளை அசையாமல் விழுங்கப் பழகியிருந்தான். எனக்கு அது கடைசிவரை வரவில்லை.

அவன் அம்மா ஒரு டிஸ்பென்சரியில் ஆயா. அங்கே வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கிற உப்புச் சர்க்கரைப் பொட்டலங்களைக் கொண்டுவருவான். நான் வேதியியல் மாணவன் அல்லவா, உப்பைப் பாதியாக்கி எலுமிச்சை பிழிவேன். இருமல் மருந்து வந்த தட்டையான பழுப்புப் பாட்டில்களில் ஊற்றி, கடச்சனேந்தல் தாண்டி ஒரு மைல்கல்லுக்குப் பின்னால் முதல் நாளே ஒளித்துவைப்போம். எத்தனை வெந்நீரில் கழுவினாலும் அந்த சிரப்பு வாசனை போகாது. வியர்வை கண்ணில் எரியும்போது அந்த வாசனையோடு தொண்டையில் இறங்கிய குளிர்ச்சி இப்போதும் நாக்கில் இருக்கிறது. மதுரையில் விளையாட்டுப் பானம் என்ற சொல் வருவதற்கு முன்பே நாங்கள் அதைத் தயாரித்துவிட்டோம். யாருக்குத் தெரியும்.

மார்ச் 6, புதன்

சிவகாமியை எடை பார்த்து அனுப்பினேன். ஒரு மணி நேரம் நடந்துவிட்டு வந்து, துடைத்துக்கொண்டு மறுபடி ஏறி நின்றாள். ஒரு கிலோவுக்கு மேல் குறைந்திருந்தது. அத்தனையும் வியர்வை.

மாலையில் கொடியில் தொங்கிய அவளது கறுப்புப் பனியனைப் பார்த்தேன். துவைக்காமல் போட்டிருந்தாள். முதுகில் வெள்ளை வெள்ளையாகக் கோடுகள். உப்பு. சிலருடைய வியர்வையில் உப்பு அதிகம் போகும். வெறும் தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருந்தால் இவர்களுக்குத் தலை கிறுகிறுக்கும், அந்த நீலத் தண்ணீரும் போதாது. என் பனியனும் இப்படித்தான் காயும். "டேய், உன்னைத் தூத்துக்குடி உப்பளத்துக்கு வாடகைக்கு விடலாம்டா" என்பான் அவன்.

மார்ச் 7, வியாழன்

விடைத்தாள்கள் வந்துவிட்டன. துறைத் தலைவர் இந்த முறையும் எனக்கு மட்டும் ஒரு கட்டு அதிகம் கொடுத்திருக்கிறார். அவர் என் பழைய மாணவர்.

மார்ச் 10, ஞாயிறு

சிவகாமி தோசை சாப்பிடும்போது கேட்டாள்.

"அப்பா, தாரணிக்கு மஞ்சக்காமாலை. மேசையில நீங்க நிக்கிறீங்களா?"

தண்ணீர் மேசையைச் சொல்கிறாள். தாரணி அவள் தோழி, அங்கே நிற்க இருந்தவள். ஒரு கிலோமீட்டர் சாலையையே சுற்றிச் சுற்றி நடப்பார்கள். ஒவ்வொரு சுற்றிலும் மேசையைக் கடப்பார்கள். ஒவ்வொருவருக்கும் பதிவு செய்த ஓர் ஆள் மேசையோரம் நின்று பாட்டிலை நீட்ட வேண்டும். மேசைக்கு முன்னால் வரக் கூடாது, கூடவே போய்க் கொடுக்கக் கூடாது. முதல் தடவை எச்சரிக்கை. இரண்டாவது தடவை, நடக்கிறவள் வெளியே. கொடுக்கிறவன் தப்புக்கு நடக்கிறவளுக்குத் தண்டனை.

"உங்க மாஸ்டர் நிக்கட்டும்."

"அவரு நடுவருங்க எச்சரிக்கை எழுதிப்போடுற போர்டுக்கும் எனக்குமா அலையணும்ப்பா. உங்க பேரைக் குடுத்தாச்சு."

"யாரு குடுத்தது?"

தோசையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "மாஸ்டர்தான். உங்க இனிஷியல்கூட அவருக்கு ஞாபகம் இருந்துச்சு."

இருக்காதா பின்னே.

1991, பாளையங்கோட்டை, பல்கலைக்கழகப் போட்டி. எங்கள் கல்லூரிக்கு ஒரே இடம். வரதன் மாஸ்டர் ஞானதுரையை விட்டுவிட்டு என்னைத் தேர்ந்தெடுத்தார். அவனை மேசையில் நிறுத்தினார். போட்டியில் மேசை உண்டு, அதை அவரால் தடுக்க முடியவில்லை. நான் முதலாவதாகப் போய்க்கொண்டிருந்தேன். கடைசிச் சுற்றுகளில் ஒன்றில் மேசையைக் கடந்தேன். அவன் அங்கே இல்லை. மேசையில் யாருமே இல்லை. இதை எந்தக் கோவிலிலும் சூடம் அணைத்துச் சொல்வேன். கொஞ்ச தூரம் போன பிறகு பின்னாலிருந்து ஓடிவந்து, பாட்டிலை என் கையில் திணித்து, என் பக்கத்திலேயே ஓடினான். நடுவரின் கண்ணெதிரே. அப்போது எச்சரிக்கை எல்லாம் கிடையாது. சிவப்புக் கொடி. என்னைச் சாலையோரத்தில் உட்கார வைத்தார்கள்.

அடுத்த வருடம் அதே போட்டியில் அவன் முதலாவது. ரயில்வேயில் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை. விதி என்னைவிட அவனுக்கு நன்றாகத் தெரியும். அதன்பிறகு நான் அவனோடு பேசவில்லை. கல்யாணப் பத்திரிகை அனுப்பினான். போகவில்லை. பத்திரிகை இருக்கிறது.

சிவகாமியிடம் யோசித்துச் சொல்கிறேன் என்றேன். மனோன்மணி சமையலறையிலிருந்தே, "அவரு நிப்பாருடி, நீ இன்னொரு தோசை போட்டுக்க" என்றாள்.

மார்ச் 14, வியாழன்

கல்லூரி ஆய்வகத் தராசில் உப்பை நிறுத்துக் கொண்டுவந்தேன். சர்க்கரை, கொஞ்சம் பொட்டாசியம், எலுமிச்சை. முதல் கலவையை மனோன்மணி ருசி பார்த்தாள்.

"என்னங்க இது, அழுத கண்ணோட எலுமிச்சம்பழம் புழிஞ்ச மாதிரி இருக்கு."

"வேர்த்து விறுவிறுத்து வரும்போது இது இனிக்கும்."

"அப்ப நான் சமைச்சு முடிச்சிட்டு வந்து குடிக்கிறேன்."

உப்பைச் சற்றுக் குறைத்தேன். சர்க்கரையைக் கூட்டவில்லை, கூட்டினால் வயிற்றிலேயே நின்றுவிடும். இரண்டாவது கலவை சரியாக வந்தது. சரியாக வந்தபிறகும் ஏதோ ஒன்று இல்லை என்று தோன்றிக்கொண்டே இருந்தது. சிரப்பு வாசனை. அபத்தம்.

மார்ச் 17, ஞாயிறு

ரேஸ்கோர்ஸ் மைதானத்துக்குப் போனேன். சிவகாமிக்காகத்தான்.

கிட்டத்தில் பார்த்தால் அவனுக்கு முன்தலை வழுக்கை. தொந்தி. கழுத்தில் விசில். நான் இவனை இத்தனை காலமும் இருபத்தோரு வயதில் வைத்தே வெறுத்திருக்கிறேன்.

"வா சொக்கு," என்றான்.

கல்லூரியில் நான் சொக்கலிங்கம் சார். வீட்டில் ஏங்க. அந்தப் பெயரில் என்னைக் கூப்பிடுகிறவர்கள் யாரும் மிச்சமில்லை என்று நினைத்திருந்தேன்.

"பாட்டிலைக் காட்டு."

கொடுத்தேன். ஒரு வாய் குடித்து, வாயிலேயே வைத்திருந்து, விழுங்கினான். குரல்வளை அசையவில்லை.

"உப்பு பாதி?"

"கிட்டத்தட்ட."

"சிரப்பு வாசனைதான்டா கொறையுது."

நான் சிரிக்கவில்லை. சிவகாமி எதற்கென்று தெரியாமலே சிரித்தாள்.

பிறகு பாட்டில் நீட்டுவதை எனக்குச் சொல்லிக்கொடுத்தான். எனக்கு. "அடியைப் பிடிக்காத. கழுத்தை ரெண்டு விரலால லேசாப் பிடி. கையை நீட்டி வை, அவளா உருவிக்கிடுவா. நீ குடுக்கப் போகாத. காலு மட்டும் நகரக் கூடாது."

"எனக்கு விதி தெரியும்."

"விதி எல்லாருக்கும்தான் தெரியும்," என்றான். "காலுக்குத் தெரியணும்ல."

குத்திக்காட்டுகிறானோ என்று வீடு வரும்வரை யோசித்தேன். விளக்குத்தூண் அருகே ஒரு ஆட்டோக்காரன் திட்டினான்.

மார்ச் 20, புதன்

ஹாலில் பயிற்சி. சாப்பாட்டு மேசைதான் தண்ணீர் மேசை. மனோன்மணி சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு பூஜையறையிலிருந்து வாசல்வரை நடைப்போட்டி நடந்தாள்.

"மூணாவது சுத்து வர்றேன், நீட்டுங்க."

நீட்டினேன். உருவினாள். தண்ணீர் என் கண்ணாடியில் தெறித்தது.

"இறுக்கிப் பிடிக்கிறீங்க. எதையுமே லேசாப் பிடிக்க வராதா உங்களுக்கு?"

அவளுக்கு மூச்சு வாங்கியது. மீதியைக் குடித்துவிட்டு, "பரவால்ல, இப்ப நல்லாத்தான் இருக்கு" என்றாள்.

மார்ச் 23, சனி

தூத்துக்குடி. காற்றே ஈரம். சும்மா உட்கார்ந்திருந்தாலும் சட்டை முதுகில் ஒட்டுகிறது. வியர்வை காயாத ஊரில் உடம்பு குளிராது. பாட்டில்களில் சிவகாமியின் எண்ணை ஒட்டி ஐஸ் பெட்டியில் அடுக்கிவிட்டேன்.

விடுதி வராந்தாவில் ஞானதுரை உட்கார்ந்து சிவகாமிக்குச் சாக்ஸ் போடச் சொல்லிக்கொடுத்தான். தையல் விரலில் உரசாமலிருக்க உள்பக்கத்தை வெளியே திருப்பிப் போட வேண்டும். அதை அவனுக்குச் சொன்னவன் நான். என் பெயரைச் சொல்கிறானா என்று கவனித்தேன். "உங்கப்பன் கண்டுபிடிச்சது" என்றான்.

மார்ச் 24, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

வெளிச்சம் வருமுன் கடற்கரைச் சாலையில் தொடங்கினார்கள். முதல் சுற்றுகளில் எல்லாம் ஒழுங்கு. நான் நீட்டினேன், அவள் உருவினாள், இரண்டு வாய் குடித்துவிட்டு எறிந்தாள். மூன்றாவது இடத்தில் போய்க்கொண்டிருந்தாள்.

ஆறாவது சுற்றில் மேசையோரம் ஒரே நெரிசல். கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் என் கையை மறைத்துக்கொண்டு நின்றார். சிவகாமிக்குப் பாட்டில் தெரியாமல் போய்விடக் கூடாதே என்று கொஞ்சம் முன்னால் வந்தேன். ஒரு அடி. அதற்கும் குறைவு. மேசையின் எல்லையைச் சுண்ணாம்புக் கோடு போட்டுக் காட்டியிருக்க வேண்டும், போடவில்லை. நடுவர் அவள் எண்ணைச் சத்தமாகச் சொல்லி எச்சரிக்கை என்றார். என்னிடம் திரும்பி, "இன்னொரு தடவைன்னா பொண்ணு வெளிய போகவேண்டியதுதான் சார்" என்றார்.

அவளுக்கும் அது கேட்டிருக்கிறது. அதற்குப் பிறகு மேசைப் பக்கமே வரவில்லை. சாலையின் மறு ஓரமாகப் போனாள். நான் நீட்டும்போதெல்லாம் வேண்டாம் என்று கையை ஆட்டினாள். குடிக்கவே இல்லை. சூரியன் கடலுக்கு மேல் வந்துவிட்டது. கறுப்புப் பனியனில் வெள்ளைக் கோடுகள் ஒவ்வொரு சுற்றிலும் தடித்துக்கொண்டே வந்தன.

ஞானதுரை போர்டுப் பக்கமிருந்து மூச்சிரைக்க வந்தான்.

"குடிக்கச் சொல்லுடா அவளை."

"கிட்டவே வர மாட்டேங்கிறா."

திட்டுவான் என்று எதிர்பார்த்தேன். பதிலும் தயாராக வைத்திருந்தேன். அவன் சாலைக்குத் திரும்பிக் கத்தினான். "சிவா, மேசைக்கு வா. உங்கப்பன் நகர மாட்டான். நான் பக்கத்துலயே நிக்கிறேன்."

பதினாலாவது சுற்று. வந்தாள். மேசைக்கு நேராக, சரியான தடத்தில். தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. நான் கழுத்தை இரண்டு விரலால் பிடித்துப் பாட்டிலை நீட்டி, "சிவகாமி" என்றேன். அவள் கண் திறந்திருந்தது. என் முகத்தைப் பார்த்தாள். பாட்டில் அவள் முழங்கையில் இடித்து ஆடியது. அவள் போய்விட்டாள். கையைத் தூக்கவே இல்லை.

என் கால் நகர்ந்தது. நான் நகர்த்தவில்லை. அவள் விழப்போகிறாள், என் கையில் தண்ணீர் இருக்கிறது, அவ்வளவுதான் தெரிந்தது. மேசை, விதி, நடுவர், எதுவும் இல்லை.

ஞானதுரை பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்தான். காலர் கழுத்தை நெரித்து, மேல் பொத்தான் தெறித்தது.

"நில்லுடா சொக்கு. நில்லு. நில்லு."

"விழுந்துருவாடா."

"வருவா. அடுத்த சுத்து வருவா. நீ போனா வரவே மாட்டா."

அந்தச் சுற்று முடியும்வரை அவன் சட்டையை விடவில்லை. நான்காவதாக இருந்த பெண் சிவகாமியைத் தாண்டிப் போனதைப் பார்த்தோம்.

மறுபடி வந்தபோது, நான் இடது கையால் மேசையில் ஓங்கி அறைந்தேன். பாட்டில்கள் துள்ளின. அவள் தலை சத்தம் வந்த பக்கம் திரும்பியது. கை எழுந்தது. பாட்டில் என் விரலிலிருந்து உருவப்பட்டுப் போனது. பாதியைக் குடித்து, பாதியைப் பிடரியில் ஊற்றிக்கொண்டாள். அடுத்த சுற்றிலும் வாங்கினாள். அதற்கடுத்ததிலும். கடைசிச் சுற்றுக்குக் கொஞ்சம் முன்னால்தான் அவள் நடை அவள் நடையாக ஆனது.

முந்திப் போன பெண்ணைக் கடைசியில் தாண்டிவிட்டாள். மூன்றாவது இடம். பின்னால் வந்தவளுக்கும் இவளுக்கும் ஒரு கை நீளம் இருக்கும்.

மார்ச் 25, திங்கள்

நேற்று திரும்பும் வழியில் நடந்ததை எழுதாமல் விட்டுவிட்டேன்.

வேனில் ஞானதுரை டிரைவருக்குப் பக்கத்தில். சிவகாமி தலையில் ஈரத்துண்டோடு என் பக்கத்தில். எட்டையபுரம் தாண்டியதும் கேட்டாள்.

"அப்பா, பதினாலாவது சுத்துல எங்க போனீங்க?"

"எங்கயும் போகலையே."

"இல்லப்பா. குடிக்கலாம்னு வந்தேன். நீங்க இல்ல. மேசையில யாருமே இல்ல."

"வெயில்ல கண்ணு கூசியிருக்கும்."

"நல்லாப் பாத்தேன்ப்பா. சத்தியமா யாருமே இல்ல."

அவள் குற்றம் சொல்லவில்லை. மூத்திரம் போயிருப்பேன் என்று நினைத்திருக்கிறாள். துண்டை முகத்தில் இழுத்துவிட்டுக்கொண்டு தூங்கிப்போனாள்.

அவள் சொன்ன வார்த்தைகள் எனக்குப் புதியவை அல்ல. பத்தாம் தேதிப் பக்கத்தில் இருக்கின்றன.

ஞானதுரை திரும்பிப் பார்க்கவில்லை. கேட்டிருக்கிறான், அவன் காதுமடல் எனக்குத் தெரியும். கண்ணாடியை இறக்கிவிட்டு வெளியே கருவேலங்காட்டைப் பார்த்துக்கொண்டே வந்தான். வழுக்கையில் வியர்வை நின்றது. முப்பத்து மூன்று வருடம் இதே தலையை எத்தனையோ பேர் கூட்டத்தில் தூரத்திலேயே அடையாளம் கண்டு, தெருவை மாற்றிக்கொண்டு போயிருக்கிறேன்.

அருப்புக்கோட்டைக்கு முன்னால் டிரைவர் டீக்கு நிறுத்தினான். ஐஸ் பெட்டியில் ஒரு பாட்டில் மிச்சம் இருந்தது. எடுத்துக்கொண்டு இறங்கினேன். அவன் புளியமரத்தடியில் நின்று இடுப்பை வளைத்துக்கொண்டிருந்தான். கொஞ்ச தூரம்தான். நான் போகவில்லை. வேனோரம் நின்ற இடத்திலேயே நின்று, கழுத்தை இரண்டு விரலால் லேசாகப் பிடித்து, கையை நீட்டினேன்.

பார்த்தான். முழங்கால் மடக்காமல், இடுப்பை ஆட்டிக்கொண்டு, தொந்தி குலுங்க நடந்துவந்து, நிற்காமலே உருவிக்கொண்டு போனான். டீக்கடையில் உட்கார்ந்திருந்தவர்கள் கிளாஸை வைத்துவிட்டுச் சிரித்தார்கள்.

"ஏண்ணே, அவசரமா?" என்றான் ஒருவன்.

மார்ச் 26, செவ்வாய்

தொட்டிக்குப் புது மிதவை மாட்டியாயிற்று. மருந்துக்கடையில் கண்ணாடிப் பாட்டிலில் இருமல் மருந்து கேட்டேன். இப்போது எல்லாம் பிளாஸ்டிக்தானாம்.

மனோன்மணி சட்டைக்குப் பொத்தான் தைத்தாள். எப்படிப் பிய்ந்தது என்று கேட்டாள். ஞானதுரை பிடித்து இழுத்தான் என்றேன்.

நூலைப் பல்லால் கடித்துக்கொண்டே, "ஞாயித்துக்கிழமை அவருக்குக் கறியா, மீனா?" என்றாள்.

மீன் என்றேன். அவன் மீன்தான் தின்பான்.